கட்டை யாருக்குச் சொந்தம்?

1958-ம் வருடம், ஜனவரி 28. மத்தியானம் மணி 1.58.

டென்மார்க்கில் ஒரு காப்புரிமை விண்ணப்பம் பதிவாகிறது. நிமிடக் கணக்கில் நேரம் குறித்து வைத்திருக்கிறார்களே, ஏதோ ராக்கெட் சமாசாரம் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கட்டை. மேலே சின்னச் சின்னக் குமிழ்கள். உள்ளே குழாய்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். இழுத்தால் விட்டுவிடும்.

அவ்வளவுதான்.

ஆனால், அன்றைக்குச் செய்த கட்டையின் மீது இன்றைக்குக் கடையில் வாங்கிய கட்டையை வைத்து அழுத்திப் பாருங்கள். கச்சிதமாக உட்காரும். எட்டுக் குமிழ் வைத்த கட்டைகள் வெறும் ஆறு போதும்... 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக அடுக்கலாம் என்று டென்மார்க் கணித மேதை ஒருவர் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

சரி, இந்தக் கட்டை யாருக்குச் சொந்தம்?

‘இதென்ன கேள்வி? காப்புரிமை வாங்கிய லெகோ கம்பெனிக்குத்தான்’ என்பீர்கள். அங்கேதான் வில்லங்கமே ஆரம்பம்.

பில்லுண்ட் என்ற சின்ன டேனிஷ் கிராமம். ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்கிற தச்சர் 1916-ல் அங்கே ஒரு மரப்பட்டறையை வாங்கினார். வீட்டு வேலை, மேஜை, நாற்காலி என்று பிழைப்பு ஓடியது. 1924-ல் பையன்கள் செய்த விளையாட்டில் பட்டறையே எரிந்தது. மறுபடி கட்டினார். அடுத்து உலகப் பொருளாதார மந்தம். வேலை கொடுக்க ஆளில்லை. 1932-ல் மனைவியும் போய்ச் சேர்ந்தார். கையில் நான்கு பிள்ளைகள். அந்த வருடம்தான் மனிதர் மரத்தில் பொம்மை செய்து விற்க ஆரம்பித்தார். இரண்டு வருடம் கழித்து, ‘நன்றாக விளையாடு’ என்று அர்த்தம் வரும் இரண்டு டேனிஷ் வார்த்தைகளை ஒட்டிப் பெயர் வைத்தார். லெகோ!

தொழிலில் படு கறார். மகன் காட்ஃப்ரெட் ஒருநாள், மூன்று கோட் வார்னிஷ் அடிக்க வேண்டிய மர வாத்துகளுக்கு இரண்டே கோட் அடித்து, ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு வந்து, ‘காசு மிச்சம் பண்ணினேன்’ என்று பெருமையாகச் சொன்னான். அப்பா தட்டிக்கொடுக்கவில்லை. ‘போய்த் திருப்பி எடுத்து வந்து மூணாவது கோட் அடி. தனியா அடி’ என்றார். ராத்திரி முழுக்க அடித்தான் பையன்.

இப்படிப்பட்ட கறார் பேர்வழியின் கம்பெனி, கட்டையை மட்டும் எங்கிருந்து எடுத்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து. ஹிலாரி பேஜ் என்பவர் ‘கிட்டிகிராஃப்ட்’ என்ற பெயரில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தார். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டை அவருடைய யோசனை. பிரிட்டனில் காப்புரிமையும் வைத்திருந்தார். போர் முடிந்த கையோடு ஓலே பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின் வாங்கியபோது, பேஜின் கட்டை மாதிரிகள் அவர் கைக்கு வந்தன. 1949-ல் வெளிவந்த லெகோவின் முதல் கட்டை, அதைப் பார்த்துச் செய்ததுதான். லெகோவே பின்னால் ஒப்புக்கொண்ட விஷயம் இது.

பேஜ் 1957-ல் தற்கொலை செய்துகொண்டார். லெகோ இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்ததோ 1960-ல். தன்னுடைய கட்டை கடலுக்கு அந்தப் பக்கம் மறுஜென்மம் எடுத்திருப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது என்கிறார்கள். 1981-ல் கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமைகளை லெகோ விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஆனால், பேஜின் கட்டைக்கு உள்ளே வெறும் வெற்றிடம். பிடிமானம் போதாது. உயரமாக அடுக்கினால் கலகலத்துவிடும். உள்ளே குழாய் வைத்துப் பிடிப்பை வரவழைத்தது காட்ஃப்ரெட் காலத்து லெகோ. அந்த 1.58 மணி விண்ணப்பம் அதற்குத்தான்.

காப்புரிமைக்கு ஆயுசு உண்டே! 1980-களுக்குள் ஒவ்வொரு நாட்டிலும் காலாவதியானது. போட்டிக் கம்பெனிகள் அதே அளவில் கட்டை அடித்து, பாதி விலைக்கு இறக்கின. லெகோ விடாமல் கோர்ட் படி ஏறியது. ‘காப்புரிமை போனால் என்ன, இந்த வடிவமே எங்கள் டிரேட் மார்க்’ என்று வாதம். கனடா சுப்ரீம் கோர்ட் 2005-ல் ‘நடக்காது’ என்றது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-ல் அதையேதான் சொன்னது. குமிழ் அலங்காரத்துக்கு இல்லை, கட்டை பிடித்துக்கொள்வதற்காக இருக்கிறது. உபயோகமான ஒரு அமைப்பை டிரேட் மார்க் என்ற பெயரில் ஒருவரே காலகாலத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது!

ஆக, கட்டை ஊருக்கே பொது. லெகோவுக்கு மிஞ்சியது பெயரும் தரமும் மட்டும்.

1998-ல் கம்பெனி தன் சரித்திரத்தில் முதல் முறையாக நஷ்டக் கணக்கு எழுதியது. பிள்ளைகள் வீடியோ கேம் பக்கம் போய்விட்டார்கள். அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து ஒரு யோசனை வந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் உரிமத்தை வாங்கி செட் போடலாமே?

பில்லுண்டில் பெரிய ரகளை. நிஜமான யுத்தத்தை பொம்மையாக்குவதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. இங்கே பெயரிலேயே ‘வார்’! போதாக்குறைக்கு, கதையும் பாத்திரங்களும் அடுத்தவனுடையது. விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் அவனுக்கு ராயல்டி அழ வேண்டும். கடைசியில் கொள்கை கொஞ்சம் வளைந்து கொடுத்தது. 1999-ல் புதுப் படத்தோடு செட்டுகள் வந்தன. பிய்த்துக்கொண்டு போனது. 2001-ல் ஹாரி பாட்டர். அதுவும் அமோகம்.

வந்தது 2003. அந்த வருடம் ஸ்டார் வார்ஸ் படமும் இல்லை, ஹாரி பாட்டர் படமும் இல்லை. விற்பனை கால் பங்குக்கு மேல் சரிந்தது. அடுத்த வருடம் ஏறத்தாழ 190 கோடி டேனிஷ் குரோன் நஷ்டம்.

உரிமம் என்பது வாடகை வீடு மாதிரி. வசதியாக இருக்கும், நாலு பேர் வந்து போவார்கள். ஆனால் சாவி ஓனரிடம்.

படத்தின் மீது மட்டும் பழி போடுவதும் தப்பு. தீம் பார்க், துணிமணி, கம்ப்யூட்டர் கேம் என்று கம்பெனி அகலக்கால் வைத்திருந்தது. டிசைனர்கள் கேட்டதையெல்லாம் வார்த்துக் கொடுத்ததில், துண்டு வகைகள் 12,000-த்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு புதுத் துண்டுக்கும் ஒரு புது அச்சு. அச்சுக்குப் பல ஆயிரம் டாலர். எந்த செட் லாபம், எது நஷ்டம் என்று சொல்ல சரியான கணக்கே இல்லை. காமர்ஸ் முதல் வருஷப் பையன்கூட தலையில் அடித்துக்கொள்வான்!

2004-ல் யோர்கென் விக் நூட்ஸ்டார்ப் என்பவரைத் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். வயது 35. தச்சர் குடும்பத்துக்கு வெளியே இருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். தீம் பார்க்குகளில் பெரும்பங்கை விற்றார். துண்டு வகைகளை வெட்டித் தள்ளினார். இதெல்லாம் எந்த நிர்வாகியும் செய்வது. இன்னொன்றும் செய்தார். அதுவரை கம்பெனி கண்டும் காணாமலும் இருந்த ஒரு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கூட்டம், வளர்ந்த பிறகும் கட்டையை விடாதவர்கள். என்ஜினீயர்கள், வக்கீல்கள், வாத்தியார்கள். பதினைந்து வயதில் ‘இதெல்லாம் சின்னப் பசங்க சமாசாரம்’ என்று பரணில் போட்டுவிட்டு, முப்பது வயதில் திரும்பி வந்தவர்கள் அதில் அதிகம். நடுவில் கட்டையே தொடாமல் கழிந்த வருடங்களுக்கு அவர்களே வைத்த பெயர், ‘இருண்ட காலம்’.

கம்பெனிக்கு இவர்கள் தலைவலி. வெளியாள் யோசனை எதையும் வாங்குவதில்லை என்பது விதி. ஆனாலும் விதியை உடைக்கும் விஷயங்கள் நடந்துகொண்டே இருந்தன. 1998-ல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற ரோபோ செட் வந்தது. சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவர் அதன் உள்ளே இருந்த மென்பொருளைப் பிரித்து மேய்ந்து, விவரத்தை இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். கேஸ் போடலாமா என்று யோசித்த லெகோ, போடவில்லை. பிறகு ‘பிரித்துப் பார்க்கலாம்’ என்று உரிம ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது! அடுத்த மாடலை வடிவமைக்கும்போது ரசிகர்கள் நான்கு பேரைக் கூட்டு சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. டென்மார்க் போக டிக்கெட்கூட சொந்தக் காசு. கூலி, கொஞ்சம் லெகோ. நான்கு பேரும் சந்தோஷமாகப் போனார்கள்.

அதே காலத்தில் நடந்தது சாம்பல் நிறச் சண்டை. சாம்பல், பிரவுன் நிறங்களைக் கம்பெனி லேசாக மாற்றியது. நீலம் கலந்த சாம்பல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குழந்தைகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இருபது வருடமாகப் பழைய சாம்பல் கட்டையைச் சேர்த்துக் கோட்டை கட்டியவனை நினைத்துப் பாருங்கள். புதுக் கட்டை வைத்தால் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும்! பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். கடிதம், கண்டனம், கையெழுத்து வேட்டை. பழைய நிறம் திரும்பி வரவில்லை. ஆனால் கம்பெனிக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒரு நிறத்துக்காக இவ்வளவு சண்டை போடும் வாடிக்கையாளர் எந்தத் தொழிலில் கிடைப்பார்?

2005-ல் அமெரிக்காவில் நடந்த ரசிகர் கூட்டத்துக்கு நூட்ஸ்டார்ப் நேரிலேயே போய்க் கேள்விகளுக்கு பதில் சொன்னார். அப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிகாகோவைச் சேர்ந்த ஒரு ஆர்க்கிடெக்ட் ரசிகரின் யோசனைப்படி 2008-ல் கட்டட வரிசை வந்தது. முதலில் வந்த சியர்ஸ் டவரில் வெறும் 69 துண்டுகள்தான். நினைவுப் பரிசாக வாங்கிப் போனார்கள். ரசிகர் அனுப்பும் மாதிரிக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் கம்பெனி அதைப் பரிசீலிக்கும், செட்டாக வந்தால் விற்பனையில் ஒரு சதவிகிதம் அவருக்கு என்று ஏற்பாடு வந்தது. வெளியாள் யோசனை வேண்டாம் என்ற அதே கம்பெனி! 2014-ன் முதல் பாதியில் லெகோ, பார்பி பொம்மை விற்கும் மாட்டெலை விற்பனையில் முந்தியது. 2020-ல் பெட்டியின் மீதே ‘18+’ என்று அச்சடித்துக் கறுப்புப் பெட்டிகளை இறக்கியது. 2021-ல் வந்த டைட்டானிக் கப்பலில் 9,090 துண்டுகள்.

சுபம் போட்டுவிடலாமா? இல்லை. பணம் புகுந்த இடத்தில் பிரச்னையும் புகும்.

2003-ல் வந்த ஒரு ஸ்டார் வார்ஸ் செட்டில் போபா ஃபெட் என்ற குட்டி பொம்மை. அன்றைக்கு முழு செட்டே 100 டாலர். இன்று கை மாறும் சந்தையில் அந்தக் கட்டைவிரல் உயர பொம்மைக்கு மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல். மாஸ்கோ உயர் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் பழைய செட்டுகளின் விலையை ஆராய்ந்து, சராசரியாக வருடத்துக்கு 11 சதவிகிதம் ஏறியிருக்கிறது என்று 2021-ல் சொன்னார்கள். கேட்க வேண்டுமா? விளையாடத் தெரியாதவர்களும் அட்டைப் பெட்டியை வாங்கிப் பிரிக்காமல் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். திருடர்களும் வந்தார்கள். 2024-ல் லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் ஒரு வீட்டில் 2,800-க்கும் மேற்பட்ட திருட்டு லெகோ பெட்டிகளைப் பிடித்தது.

சராசரிக் கணக்கு ஆளை ஏமாற்றும். 2007-ல் ‘மிலேனியம் ஃபால்கன்’ விண்கலம் 500 டாலருக்கு வந்தது. 5,000 துண்டுகளுக்கு மேல். உற்பத்தி நின்றதும் விலை ஆயிரங்களில் ஏறியது. ‘தங்கத்தைவிட இது தேவலை’ என்று பெட்டியைப் பூட்டி வைத்தவர்கள் உண்டு. 2017-ல் லெகோ அதே விண்கலத்தை 7,541 துண்டுகளில், இன்னும் அழகாக, 800 டாலருக்கு மறுபடி வெளியிட்டது. பழைய பெட்டியின் விலை சரசரவென இறங்கியது. பெட்டி உங்கள் பீரோவில் இருக்கலாம். அச்சு கம்பெனியிடம், கதை சினிமாக்காரரிடம். அவர்கள் நினைத்தால் உங்கள் பொக்கிஷம் பழைய பிளாஸ்டிக்.

அதே 2007-ல் பெட்டியைப் பிரித்து, ராத்திரி கண்விழித்துக் கட்டி, பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தவருக்கு என்ன நஷ்டம்? ஒரு பைசா கிடையாது.

இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தார், அவருக்குத் தங்கவில்லை. டென்மார்க்காரர் காப்புரிமை வாங்கினார், காலாவதியானது. கோர்ட்டில் கேட்டார், கிடைக்கவில்லை. முதலீட்டாளர் பூட்டி வைத்தார், விலை இறங்கியது. இத்தனை பேர் கையில் நிற்காத கட்டை ஒருவர் கையில் மட்டும் ஒழுங்காக நிற்கிறது. தரையில் உட்கார்ந்து கட்டுகிறாரே, அவர் கையில்.

தச்சர் வைத்த பெயருக்கு அர்த்தம் ஞாபகம் இருக்கிறதல்லவா? ‘நன்றாக விளையாடு.’ ‘பத்திரமாகப் பூட்டி வை’ என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.