வினா எவ்வழி, கல்வி அவ்வழி

எதைக் கற்க வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. எப்படிக் கற்க வேண்டும் என்று சொல்வதோ வினாத்தாள். வரலாற்றைப் புரட்டினால் இவ்வுண்மை தெளிவாகும்.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா பாரீசில் கற்பித்தபோது, மாணவரின் தேர்ச்சி சொற்போரில் அளக்கப்பட்டது. எழுப்பப்பட்ட வினாவுக்கு, மாற்றுக் கருத்துகளை எல்லாம் கேட்ட பின்னரே விடை கூற வேண்டும். எனவே, மறுப்பவரின் நியாயத்தையும் மாணவர் கற்றாக வேண்டியிருந்தது. அவருடைய 'இறையியல் சுருக்கம்' என்னும் நூலே இவ்வடிவில்தான் அமைந்துள்ளது. 1599-இல் வெளியான இயேசு சபையின் கல்வித் திட்டமும் சொற்போரைப் போற்றியது. எழுத்துத் தேர்வுக்கும் விதிகள் வகுத்தது.

18ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் இலத்தீன் சொற்போர் மெல்லத் தேய்ந்தது. எழுத்துவழிக் கணிதத் தேர்வு ஓங்கியது. வாதிடப் பழகிய மாணவர், விரைந்து கணக்கிடப் பழகினர். விரிவுரைகளை விட்டுத் தனிப் பயிற்சியாளரை நாடினர். அவர்களுள் வில்லியம் ஹாப்கின்சு என்பவரின் மாணவர் 17 பேர் முதலிடம் பெற்றனர். இன்றைய பயிற்சி மையங்களுக்கு அன்றே கால்கோள் இடப்பட்டது எனலாம்.

1857-இல் இலண்டனைப் பின்பற்றி உருவான சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் தேர்வு நடத்தும் அமைப்பாகவே விளங்கியது. நெடுவினாவும் குறுவினாவும் நம் பள்ளிகளில் வேரூன்றின. உரைநூலும் மனப்பாடமும் உடன் வளர்ந்தன. 1914-15 ஆண்டுகளில் அமெரிக்காவின் கான்சாசில் பிரெடரிக் கெல்லி, திருத்துவோரின் விருப்பு வெறுப்பு மதிப்பெண்ணில் கலவாதிருக்க, சரியான விடையைக் குறிக்கும் முறையைப் புகுத்தினார். நோக்கம் நேர்மையானதே. ஆயினும் அவ்வகைத் தேர்வு மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்வதில்லை. 2017 முதல் நம் மாநிலத்து மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வைச் சார்ந்தபோது, பத்தி பத்தியாக எழுதிப் பழகிய பிள்ளைகள், தவறான விடைக்கு மதிப்பெண் இழக்கும் கணக்கையும் கற்க நேர்ந்தது.

நல்ல வினா கேட்டுவிட்டால் போதுமா? 1976-இல் சுவீடனில் மார்ட்டன், சால்யோ என்னும் ஆய்வாளர்கள் மாணவரைப் படிக்கச் செய்து, சிலரிடம் நுண்செய்திகளையும் சிலரிடம் உட்கருத்தையும் வினவினர். நுண்செய்தி கேட்கப்பட்டோர் மேலோட்டமாகவே படித்தனர். உட்கருத்து கேட்கப்பட்டோரிலும் சிலர், சுருக்கம் சொல்வதற்கு வேண்டிய அளவே படித்தனர். எவ்வளவு ஆழமான வினாவானாலும் அது பழகிப்போனால், மனம் அதற்கும் குறுக்குவழி தேடுகிறது.

மறைக்கல்வி வகுப்பிலும் மனப்பாட விடையோடு நாம் மனநிறைவு அடைவதுண்டு. மனப்பாடம் வேண்டாம் என்பதன்று. செபங்களை நாம் அப்படித்தான் கற்றோம். எனினும் செசரியா பிலிப்பு ஊரருகே இயேசு சீடரிடம் கேட்ட வினாக்கள் இரண்டு. தம்மைப் பற்றி மக்கள் சொல்வதை முதலில் கேட்டார். அதற்குக் கேள்வியறிவே போதும். பின்பு சீடர்கள் சொல்வதைக் கேட்டார். அதற்கான விடையை எவரும் பிறரிடம் கடன் வாங்க இயலாது. நாம் நம் பிள்ளைகளிடம் இரண்டாவது வினாவையும் கேட்கிறோமா?