ஜாவா கிராமத்தில் ஒரு துண்டு நிலம்

ஊரை விட்டு வந்து இருபது வருஷம் ஆனாலும் அங்கே இருக்கும் நாலு செண்டோ நாலு ஏக்கரோ நம்மை விடுவதில்லை. அண்ணன் பயிர் வைக்கிறார், பட்டா நம் பீரோவில் இருக்கிறது. இந்த மாதிரி ஏற்பாடே கூடாது என்று ஒரு நாடு சட்டம் போட்டது தெரியுமா? இந்தோனேசியாதான் அது. ஏன் போட்டது என்று புரிய, ஜாவா கிராமத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும். பதிவு சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கிராமத்துக்கு 'தேசா' என்று பெயர். நம்ம 'தேசம்'தான், அங்கே போய்ச் சுருங்கிவிட்டது! நிலத்தில் மூன்று வகை. நன்செய் 'சாவா'. புன்செய் 'தெகாலான்'. வீட்டைச் சுற்றி இருக்கும் தோட்டம் 'பெகாரங்கான்'. தென்னை, வாழை, பலா, மூங்கில், நாலு கோழி என்று இந்தத் தோட்டம்தான் பல ஏழைக் குடும்பங்களின் கையிருப்பு. வழக்கப்படி மனை வேறு, அதன் மேல் நிற்கும் வீடும் மரமும் வேறு. நிலம் ஒருவருக்கும் மரம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம்.

ஊரில் எல்லோரும் சமம் இல்லை. நன்செயில் பங்கு உள்ளவர்கள் மேல்படி (சில பகுதிகளில் இவர்களை 'கோகோல்' என்பார்கள்). வீட்டு மனை மட்டும் உள்ளவர்கள் அடுத்த படி. அடுத்தவர் மனையில் ஒண்டிக்கொள்கிறவர்கள் கடைசிப் படி. ஊர்த் தலைவரான 'லுரா'வுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக 'பெங்கோக்' என்று நிலம் விட்டிருப்பார்கள். பதவி போனால் நிலமும் போகும்.

அந்தக் காலத்தில் நன்செய்ப் பங்கு என்பது சொத்து மட்டும் அல்ல, சுமையும்கூட. வரியும் அரசுக்குச் செய்யும் கட்டாய உழைப்பும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். 1830ல் டச்சு கவர்னர் ஜெனரல் வான் டென் போஸ் கொண்டுவந்த சாகுபடி முறை இந்தச் சுமையைப் பல மடங்காக்கியது. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்போ அவுரியோ அரசுக்காகப் பயிரிட வேண்டும் என்பது காகிதத்தில் இருந்த கணக்கு. நடைமுறையில் வேலை அதற்கு மேலும் போனது. சுமையைப் பல தோள்களுக்குப் பிரிக்க, பல ஊர்களில் நிலத்தையும் பலருக்குப் பங்கு வைத்தார்கள். சில இடங்களில் பங்குகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கைமாறிக்கொண்டே இருந்தன.

1870ல் விவசாயச் சட்டம் வந்தது. தனக்குச் சொந்தம் என்று யாரும் நிரூபிக்காத நிலமெல்லாம் அரசுடையது என்றார்கள். தரிசு நிலத்தை 75 வருடம் வரை தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம். ஆனால் ஜாவாக்காரரின் நிலத்தை வெளியார் விலைக்கு வாங்க முடியாது. அதனால் சர்க்கரை ஆலைகள் கிராமத்து நன்செயை வாடகைக்கு எடுத்துக் கரும்பு போட்டன, பிறகு நெல்லுக்குத் திருப்பி விட்டன. நிலம் கையை விட்டுப் போகவில்லை, ஆனால் தண்ணீரும் பருவமும் ஆலையின் சௌகரியத்துக்குப் போயின.

நம் தொழில் பற்றியும் ஒரு வரி. 1895ல் பூர்வோகெர்தோ ஊரில், வட்டிக்கடையில் சிக்கிய உள்ளூர் அதிகாரிகளைக் காப்பாற்ற ரடென் ஆரியா விரியாத்மாஜா என்பவர் உதவி வங்கி ஒன்றை ஆரம்பித்தார். சீக்கிரமே அது விவசாயிகள் பக்கமும் திரும்பியது. இன்றைய 'பேங்க் ராக்யாட் இந்தோனேசியா' தன் பிறந்த நாளை அங்கிருந்துதான் கணக்கு வைக்கிறது.

வங்கி வராத இடத்தில் ஒத்திதான். பணம் வாங்கிக்கொண்டு வயலைக் கொடுப்பது, பணம் திரும்பும் வரை விளைச்சல் அவருக்கு. நம்ம ஊர் ஒத்தியேதான், பெயர் மட்டும் வேறு. பணம் புரட்ட முடியாமல் வயல் தலைமுறை தலைமுறையாக அடுத்தவரிடமே கிடக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு 1960ல் வந்த சட்டத்தில் இதற்கு ஒரு அழகான கணக்கு இருக்கிறது. ஒத்தி 7 வருடம் ஆகிவிட்டால் ஒரு காசும் வாங்காமல் வயலைத் திருப்ப வேண்டும். அதற்கு முன்னால் என்றால், ஏழரையிலிருந்து முடிந்த வருடங்களைக் கழித்து, ஏழால் வகுத்து, ஒத்திப் பணத்தால் பெருக்க வேண்டும். 7,000 ரூபியாவுக்கு வைத்து 3 வருடம் ஆகியிருந்தால் 4,500 கொடுத்தால் போதும். அனுபவித்த விளைச்சலே அசலைக் கழிக்கிறது என்று ஒப்புக்கொண்ட சட்டம்!

அதே வருடம் நில உச்சவரம்பும் வந்தது. மக்கள்தொகை மிக நெருக்கமான பகுதிகளில் நன்செய் 5 ஹெக்டேர்தான். ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் என்பது லட்சியம். பங்கீடு மெதுவாக நடக்க, கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் விவசாய சங்கமும் 1960களின் நடுவில் தாங்களே நிலத்தில் இறங்கின. ஊருக்குள் பகை மூண்டது. 1965-66 படுகொலைகளில் நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் பேர் செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மத்திய, கிழக்கு ஜாவா மிக மோசமாக அடிபட்டது. அதன் பிறகு கிராமத்தில் "எனக்கு நிலம் வேண்டும்" என்று வாய் திறப்பதே ஆபத்தானது.

நிலம் இல்லாதவருக்கு மிச்சம் இருந்தது அறுவடை. பெண்கள் 'அனி-அனி' என்ற உள்ளங்கை அளவுக் கத்தியால் கதிர் கதிராக அறுப்பார்கள். அறுத்ததில் ஒரு பங்கு கூலி, அதற்கு 'பாவோன்' என்று பெயர். வந்தவர்களை விரட்டுவது மரியாதை இல்லை. 1970 வாக்கில் இதுவும் தேய்ந்தது. நிற்கும் பயிரையே வியாபாரிக்கு விற்கும் 'தெபாசான்' பரவியது, அவர் அரிவாளோடு குறைந்த ஆட்களைக் கொண்டுவந்தார். கூடவே நெல் அரவை மில்லும் வந்து பெண்களின் உலக்கைக் கூலியையும் எடுத்துக்கொண்டது.

இப்போது பாகப்பிரிவினை. ஜாவாவில் பெண்ணுக்குப் பங்கு உண்டு, அது அங்கே பழைய வழக்கம். ஆண் காவடியில் இரண்டு சுமை தூக்குகிறான், பெண் முதுகில் ஒரு சுமை தூக்குகிறாள், ஆகவே இரண்டுக்கு ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. சரிசமமாகப் பிரிக்கிற வழக்கமும் உண்டு. கல்யாணத்துக்குப் பின் புருஷன் பெண்டாட்டி சேர்த்த சொத்து 'கோனோ-கினி', பிரிந்தால் இருவருக்கும் பங்கு. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு வீடு போவதும் சகஜம். நம் மத்தியச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது 2005ல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்த விஷயத்துக்கு வருகிறேன். 1961ல் வந்த அரசாணைப்படி, விவசாய நிலம் இருக்கும் 'கெசமாத்தான்' (நம்ம ஒன்றியம் மாதிரி) எல்லைக்கு வெளியே குடியிருப்பவர் 6 மாதத்துக்குள் அங்கே குடிபோக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே இருப்பவருக்கு நிலத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். பக்கத்து ஒன்றியம் என்றால் பரவாயில்லை. 1964ல் வாரிசுக்கு ஒரு வருட அவகாசம் என்று சேர்த்தார்கள். அரசு ஊழியருக்கும் ராணுவத்துக்கும் விலக்கு (சட்டம் எழுதியது யார் என்று கேட்காதீர்கள் :-)).

நியாயம் புரிகிறது. 2013 கணக்கெடுப்பில்கூட அந்த நாட்டு விவசாயக் குடும்பங்களில் பாதிக்கு மேல் அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருந்தவை. அவ்வளவு நெருக்கத்தில் ஊரில் இல்லாதவன் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், இருப்பவன் அவனுக்கே வாரக் குடியானவன் ஆவான். ஆனால் சட்டம் பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. நகரத்தார் உறவினர் பெயரில் வாங்கினார்கள், உள்ளூர் அடையாள அட்டை எடுத்துக்கொண்டார்கள். எழுத்து ஒன்று, அனுபவம் ஒன்று என்றானது.

கடன் மனுவோடு வரும் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது இதுதான்: எழுத்தும் அனுபவமும் பிரிந்து கிடக்கும் நிலத்தில்தான் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறார்கள். வாய்ப்பேச்சு, பேசினவர்கள் இருக்கும் வரைதான் செல்லும். அவர்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நம்மை யாரும் 6 மாதக் கெடு வைத்துத் துரத்தவில்லை. அதனால் நாமாகவே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. உழுகிறவருக்கு என்ன, வெளியூரில் இருக்கிற நமக்கு என்ன, அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன, தங்கைக்கு என்ன என்று அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே முறைப்படி பதிவும் செய்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் எப்படிப் பிரித்தார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.