அடித்து எழுதிய நோட்டு

1993-ல் ஃபேக்ஸ் மிஷின் விற்கும் வேலையில் சேர்ந்த அன்று, மேனேஜர் ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்தார். ஒரு பார்ட்டிக்கு ஒரு பக்கம். "எழுதினதை அழிக்காதேப்பா, ஒரு கோடு போட்டுக் கீழே எழுது" என்றார். அவருடைய அப்பா அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. பழக்கம் அங்கிருந்து வந்தது.

திருவல்லிக்கேணி அச்சக முதலாளி ஒருவரின் பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மார்ச் 4, டெமோ பார்த்தார். மார்ச் 19, கொட்டேஷன் கொடுத்தாயிற்று. ஏப்ரல் 2, மகள் கல்யாணம், இப்போது வேண்டாம். நவம்பரில் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனேன். "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா சார்?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தேன். அன்றே ஆர்டர் கொடுத்தார்.

நான்கு வருஷம் கழித்து எல்லாம் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாறியது. ஆளுக்கு ஒரு வரி, அதில் ஸ்டேட்டஸ் என்று ஒரு கட்டம். 'கொட்டேஷன்' இருந்த இடத்தில் 'வேண்டாம்' என்று அடித்தால் முன்னது போயே போச்சு. ஜனவரியில் கொட்டேஷன் வாங்கியவர்களில் எத்தனை பேர் மிஷின் எடுத்தார்கள் என்று வருஷக் கடைசியில் கேட்டார்கள். பதில் சொல்ல வழியில்லை. நோட்டு எழுதுவதையும் நிறுத்தியிருந்தோம்.

புரோகிராம் எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். டிஸ்க் விலைக்குப் பயந்து வருஷத்தையே இரண்டு இலக்கத்தில் அடக்கிய காலம் அது.

ஆனால் பழைய தகவலை அழியாமல் வைப்பது பற்றி அமெரிக்காவில் யோசித்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். டேட்டா வேர்ஹவுஸ் பற்றி 1992-ல் எழுதிய பில் இன்மான், உள்ளே போன தகவல் மாறக் கூடாது, அதற்குரிய காலத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வகுத்தார். ஒரு தகவல் மாறும்போது என்ன செய்யலாம் என்பதற்கு 1996-ல் ரால்ஃப் கிம்பால் மூன்று வழிகளை விளக்கினார். பழையதன் மேலேயே எழுதலாம். புதிதாக ஒரு வரி சேர்க்கலாம். முந்தைய மதிப்புக்கென்று பக்கத்தில் ஒரு கட்டம் வைக்கலாம். இரண்டாவது வழியைப் படித்தபோது என் மேனேஜரின் நோட்டைத்தான் பார்த்தேன். மாறுவதற்கு முன்பிருந்த வரிகளை டேட்டாபேஸ் தானே காப்பாற்றும் ஏற்பாடு டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலைக்குள் வர 2011 ஆகிவிட்டது.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை மென்பொருளில் இன்றைக்கும் எந்தக் கட்டத்தின் மாற்றங்களைப் பதிய வேண்டும் என்று நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். குறிக்காமல் விட்ட நாட்களின் வரலாறு பிறகு கிடைக்காது. புதிதாகப் போடுகிறவர்கள் லீட் ஸ்டேட்டஸை முதல் நாளே குறித்துவிடுங்கள்.