கோடைக்காலப் பஞ்சுப் போர்வை

கோடைக்காலப் பஞ்சுப் போர்வை என்பது இரண்டு துணிகளுக்கு இடையே மெல்லிய பஞ்சு அல்லது வேறு இழைப் படலம் ஒன்றை வைத்து, அப்படலம் நகராதவாறு ஊடே தைத்து உருவாக்கப்படும் போர்வை ஆகும். நடுவில் வைக்கப்படும் படலம் உள்நிரப்பு எனப்படுகின்றது. வட இந்தியாவில் பஞ்சு நிரப்பிய போர்வை ரசாய் என அழைக்கப்படுகின்றது. வெப்பமான நாடுகளில் இத்தகைய போர்வை உறக்கத்துக்கு உதவுமா, உடலை வியர்க்க வைக்குமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது உள்நிரப்பே ஆகும்.

வெப்பத்தைத் தடுக்கும் முறை

போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று, உடலின் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றது. எனவே போர்வை எவ்வளவு வெப்பமாக இருக்கும் என்பது முதன்மையாக உள்நிரப்பின் தடிப்பைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. ஒரே எடையுள்ள இரண்டு படலங்களில், புடைத்து நிற்கும் பாலியெஸ்டர் அதிகக் காற்றையும், தட்டையாகப் படியும் பருத்தி குறைந்த காற்றையும் பிடித்து வைக்கின்றன. இதனால் கையில் இலேசாகத் தெரியும் போர்வை உடலுக்கு வெப்பமாக இருப்பதுண்டு.

ஈரம் உறிஞ்சும் தன்மை

வெப்ப நாடுகளில் வியர்வையும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும். 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதன் உள்ள காற்றில், இழைகள் தம் உலர் எடையில் கம்பளி ஏறத்தாழ 16, விசுக்கோசு 13, பட்டு 11, பருத்தி 8, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு என்ற அளவில் ஈரத்தை ஏற்கின்றன. பாலியெஸ்டர் வியர்வை ஆவியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆகவே அடர்த்தியான மேல்துணியுடன் அது சேரும்போது உடலில் பிசுபிசுப்பு உண்டாகின்றது.

உள்நிரப்பு வகைகள்

* பருத்தி: தட்டையாகப் படியும், வியர்வையை ஏற்கும். முதல் முறை துவைக்கும்போது 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். உலர நேரம் எடுக்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.
* பாலியெஸ்டர்: விலை குறைவு; விரைவில் உலரும்; சுருங்காது. ஆனால் ஈரத்தை ஏற்பதில்லை.
* பருத்தி, பாலியெஸ்டர் கலவை: 80க்கு 20 என்ற விகிதம் பரவலாகக் காணப்படுகின்றது. சுருக்கம் சற்றுக் குறையும்.
* மூங்கில் நார்: இப்பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து வேதிமுறையில் செய்யப்படும் விசுக்கோசு ஆகும். ஈரத்தை நன்கு ஏற்கும்.
* பட்டு, கம்பளி: மெல்லிய படலமாக அமைந்தால் கோடைக்கும் ஏற்றவை. விலை மிகுந்தவை, கம்பளியைப் பூச்சி அரிக்கும்.
* இலவம் பஞ்சு: தலையணைக்கும் மெத்தைக்கும் பயன்படுவது. இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் ஒன்றோடொன்று பற்றாமல் ஒதுங்கிவிடும். நீரை ஒட்டவிடாத மெழுகுப் பூச்சும் உண்டு. துவைத்துப் பயன்படுத்தும் மெல்லிய போர்வைக்கு ஏற்றதன்று.

தையலின் பங்கு

தையல் ஓடும் இடங்களில் உள்நிரப்பு அழுந்தி, அங்குக் காற்று குறைகின்றது. ஆகவே நெருக்கமாகத் தைத்த போர்வை மெலிதாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். பிணைப்பு இல்லாத பஞ்சைச் சில செ.மீ. இடைவெளியில் தைக்காவிட்டால் துவைக்கும்போது அது கட்டியாகிவிடும். ஊசியால் குத்திப் பிணைத்து, மெல்லிய வலைத்தாள் சேர்த்த படலங்களை 20 செ.மீ. வரை இடைவெளி விட்டும் தைக்கலாம். இவ்வலைத்தாள் பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனது.

மரபு வழிப் போர்வைகள்

ஜெய்ப்பூரி ரசாய் எடைக்குறைவுக்குப் பெயர் பெற்றது. பஞ்சை மீண்டும் மீண்டும் அடித்துப் பிரித்து, தூசு நீக்கி, மெல்லிய துணிகளுக்கு இடையே பரப்பித் தைக்கின்றனர். நன்கு பிரிந்த பஞ்சு குறைந்த எடையில் அதிகக் காற்றைப் பிடித்து வைப்பதால், இது ராஜஸ்தானின் குளிர்கால இரவுகளுக்கே உரியதாக விளங்குகின்றது. எடை குறைவு என்பதால் மட்டும் இதைக் கோடைப் போர்வையாகக் கொள்ள இயலாது.

வங்காளத்தின் காந்தா போர்வையில் பெரும்பாலும் உள்நிரப்பே இல்லை. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, முழுப் பரப்பிலும் ஓட்டுத் தையல் இட்டு உருவாக்குகின்றனர். பலமுறை துவைத்து மென்மையான துணி உடலில் உறுத்தாது. அடுக்குகளைக் கூட்டிக் குளிர்காலத்துக்கும், குறைத்து மற்றக் காலத்துக்கும் ஏற்றவாறு தைக்க முடிகின்றது. தமிழில் வழங்கும் கந்தை என்னும் சொல் இப்பெயரோடு தொடர்புடையதாகக் கருதப்படுகின்றது. வட இந்தியாவின் தோஹர் என்பதும் மெல்லிய பருத்தித் துணிகள் மூன்றை அடுக்கித் தைக்கப்படும், பஞ்சற்ற போர்வை ஆகும்.

தேர்ந்தெடுத்தல்

உள்நிரப்பின் அளவு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எனக் குறிக்கப்படுகின்றது. 1.5 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் நீளமும் கொண்ட போர்வைக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம் 330 கிராமும், 300 கிராம் வீதம் 990 கிராமும் தேவைப்படும். ஒரே இழையில் செய்த போர்வைகளை ஒப்பிடவே இவ்வெண் உதவும். வெவ்வேறு இழைகளாயின் தடிப்பையே ஒப்பிட வேண்டும்.

சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் மே மாத இரவுகளிலும் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக ஏறத்தாழ 28 பாகை செல்சியசாக இருக்கின்றது. அங்குக் குளிர்சாதனம் இல்லாத அறையில் எந்த உள்நிரப்பும் மிகையே. பஞ்சற்ற அடுக்குத் துணியே போதுமானது. குளிர்சாதன அறையில் நிலைமை வேறு. இந்தியாவில் 2020 சனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனப் பெட்டிகளின் தொடக்க அளவு 24 பாகையாக விதிக்கப்பட்டது. இவ்வெப்பநிலைக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவிலான, நெருங்கத் தைத்த பருத்திப் படலமும் நெகிழ்வான நெசவுள்ள பருத்தி மேல்துணியும் பொருந்தும். அடிக்கடி துவைக்க வேண்டிய இடங்களிலும், மழைக்காலத்தில் வெயிலில் உலர்த்த வசதியற்ற வீடுகளிலும் மெல்லிய கலவைப் படலம் ஏற்றது. சரியாக உலராத தூய பருத்தியைவிட நன்கு உலர்ந்த கலவையே உடல்நலத்துக்கு உகந்தது.