கோணித்துணியும் கடைசி வரிசையும்

கல்வியின் வரலாறு பள்ளிகள் தோன்றிய வரலாறு மட்டுமன்று. பள்ளிக்குள் எவரை எங்கே அமர்த்தினர் என்பதன் வரலாறும் ஆகும். இதனை நம் சமுதாயத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சதாராப் பள்ளியில் சிறுவன் பீமராவ், தாம் கொண்டுசென்ற கோணித்துணியின்மேல் தனியே அமர்ந்து பயின்றதை நாம் அறிவோம். 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றின் அருகே பஞ்சமர்க்கென இலவசப் பள்ளி தொடங்கினார். தனிப்பள்ளி நமக்கு எழுத்தைத் தந்தது. பிறரோடு சமமாய் அமரும் உரிமையையோ போராடியே பெற வேண்டியதாயிற்று.

உடற்குறையுடைய குழந்தைகட்கும் முதலில் வாய்த்தவை தனிப்பள்ளிகளே. அவர்களை இயன்றவரை பொதுப்பள்ளிகளில் சேர்க்குமாறு கோத்தாரி கல்விக்குழு (1964-66) பரிந்துரைத்தது. 1974-இல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. லேசான குறையுடையோர் இயன்ற இடமெல்லாம் பிறரோடு சேர்ந்தே பயில வேண்டும் என்றது 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் மாணவரைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என விதித்தது.

ஆயின், ஆசிரியர் மனம் சட்டத்தின் வேகத்தில் மாறவில்லை. “பாடம் முடியாது, பிற மாணவர் பின்தங்குவர், எமக்குப் பயிற்சியில்லை” என்னும் சொற்களை ஆசிரியர் அறைகளில் பன்முறை கேட்டுள்ளோம். பயிற்சியில்லை என்பது நியாயமான குறையே; அதனை அரசு தீர்த்தல் வேண்டும். மற்றவை அச்சத்தின் விளைவுகள்.

நாமும் குற்றமற்றவர் அல்லோம். பணியேற்ற புதிதில், ஏழாம் வகுப்பில் நம் தெருப் பிள்ளை ஒருவன் வினாக் கேட்டால் விழித்து நிற்பான். மந்தன் எனக் கருதிக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் தாயார் வந்து, காதில் சீழ் வடிந்து செவி மங்கியதைச் சொன்னார். அன்றே முதல் வரிசைக்கு மாற்றினோம். கரும்பலகையை நோக்கிப் பேசுவதை விடுத்து அவன் முகம் நோக்கிப் பேசினோம். ஆண்டிறுதியில் அவன் தேறினான். கோணித்துணியின் கதையை மேடைதோறும் சொல்லிவந்த நாமே ஒரு பிள்ளையை ஒதுக்கினோம் என்னும் வெட்கம் இன்றும் நீங்கவில்லை.

ஆதலின், இளைஞர்களே! கண் மங்கியோ, செவி குன்றியோ, கால் தளர்ந்தோ வீட்டில் நிறுத்தப்பட்ட குழந்தை நம் தெருவில் உண்டா எனத் தேடுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், அருகிலுள்ள பள்ளியில் சேருங்கள், முன்வரிசையில் இடம் கேளுங்கள். வெள்ளி விழாக் காணும் நம் கழகத்திற்கு இதனினும் தக்க பணி வேறில்லை.