மலைத்தீயும் பாதை அடைத்தலும்

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல்கள் தாளடியோடு காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில், நாகர்கோவிலின் மொட்டைமாடி ஒன்றில் நின்று வடக்கே நோக்கினால், சில இரவுகளில் மலையின் மேல் சிவந்த கோடு ஒன்று தென்படும். சற்று நேரத்தில் அது வளையும், இரண்டாகப் பிரியும், ஓரிடத்தில் தடித்துப் பின் மெலியும். சிறுவயதில் அதைத் திருவிழா விளக்கு வரிசையைப் போல வேடிக்கை பார்த்தவர்கள் நாம். அந்தக் கோட்டுக்கும் அதற்கு மேலே செல்லும் ஒற்றையடிப் பாதைக்கும் நடுவே மனிதர் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அப்போது எழுந்ததில்லை. 2018-க்குப் பிறகு அப்படி வேடிக்கை பார்க்க இயலவில்லை.

நமது மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே இங்கே காடு எரியுமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. கோதையாறு, பாலமோர்ப் பகுதிகளின் பசுமை மாறாச் சோலைகள் எளிதில் பற்றுவதில்லை. அவற்றின் தரையே ஈரமானது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய கிழக்குச் சரிவுகளின் நிலை வேறு. அங்கே முட்புதரும் இலையுதிர் மரங்களும் புல்லும் மிகுதி. தைக்குப் பிறகு மழை ஓய்ந்ததும் ஆளுயரப் புல் சருகாகிவிடும். பின் ஒரு பீடித்துண்டு போதும். இந்நாட்டுக் காட்டுத்தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையால் மூண்டவையே என்பது வனத்துறையினர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது.

மலையில் தீயும் காவலும் தமிழிலக்கியத்துக்குப் புதியவை அல்ல. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் மரத்தை வெட்டிச் சுட்டு உருவாக்கப்பட்டது. அதில் விளைந்த தினையைக் காக்கப் பரண் எழுந்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவனும் தலைவியும் சந்திப்பதற்கே தினைக்காவல்தான் காரணம். காதலுக்கான களமாக மட்டும் பரணை வாசித்துப் பழகிய நாம், அது உயரத்தில் இருந்து நிலத்தைக் கண்காணிக்கும் அமைப்பு என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நம் மலைகளில் காணிக்காரர் மரத்தின் மேல் கட்டிய ஏறுமாடம் அந்தப் பரணின் உறவினனே. யானைக்கு அஞ்சிக் கட்டப்பட்டது அது; ஆயினும் அங்கிருப்பவன் கண்ணுக்குப் புகையும் தப்பாது. புனம் சுடுபவன் காற்றின் திசையை அறிந்தாக வேண்டும். விளிம்பைச் செதுக்கி வைத்தாக வேண்டும். தவறினால் எரிவது அவன் குடியிருப்புதான். எனவே தீயை மூட்டத் தெரிந்தவனுக்கே அதைக் காக்கவும் தெரிந்திருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு குலைந்தது. 1860களில் அசம்பு மலைச்சரிவுகளில் ஐரோப்பியர் காப்பித் தோட்டங்களைத் திறந்தனர். கொல்லம் ஆண்டு 1068-இல், அதாவது 1893-இல், திருவிதாங்கூர் அரசு விரிவான வனச் சட்டம் ஒன்றை இயற்றியது. காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன, அவற்றுள் தீ மூட்டுவது குற்றமாயிற்று. வனப் பாதுகாவலராயிருந்த பூர்டிலன் அதே காலத்தில் திருவிதாங்கூர்க் காடுகளைக் குறித்து விரிவான அறிக்கை எழுதினார். காட்டை மதிப்புமிக்க மரங்களின் தொகுதியாகக் கண்ட பார்வை அது. அதில் தீ பகை, தீ மூட்டுபவன் குற்றவாளி. தேக்கைக் காக்க அச்சட்டம் வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெருப்பை அறிந்தவனைச் சந்தேகத்துக்கு உரியவனாக்கிய பின், காவலை முழுவதும் அரசே சுமக்க வேண்டியதாயிற்று. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது இந்தச் சுமையும் கைமாறியது.

பிற நாடுகளிலும் இந்தச் சுமையை மனிதக் கண்ணே தாங்கியது. 1910-இல் நிகழ்ந்த பெருந்தீக்குப் பின் அமெரிக்க வனத்துறை மலையுச்சிகளில் காவல் குடில்களைப் பெருக்கியது. கேரி ஸ்னைடர் 1952, 1953 கோடைகளிலும், ஜாக் கெரோவாக் 1956 கோடையிலும் வாஷிங்டன் மாநிலத்து மலையுச்சிகளில் தீக்காவலர்களாக இருந்தவர்கள். இலக்கிய வாசகர்கள் அந்தத் தனிமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது புகையைப் பார்த்ததும் வானொலியில் சொல்வதற்காக.

இன்று அந்தக் கண் விண்ணில் இருக்கிறது. டெர்ரா, அக்வா ஆகிய செயற்கைக்கோள்களின் வெப்பப் பதிவுகளைக் கொண்டு 2004 முதல் இந்திய வன அளவாய்வு நிறுவனம் மாநிலங்களுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. முதலில் பயன்பட்ட கருவிக்கு ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் அகலம். பின்னர்ச் சேர்ந்த கருவிக்கு அது 375 மீட்டர். பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடந்துசெல்வது நாளில் சில முறை மட்டுமே. மேகம் மறைத்தால் அதற்குக் கண் தெரியாது. மரக்கவிகையின் கீழ் ஊர்ந்து செல்லும் சருகுத்தீயும் தப்பிவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 375 மீட்டர்ப் புள்ளிக்குள் மனிதர் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் புல்வெளித்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அவற்றுக்கு முன்பே உள்ளூர் மக்கள் மேலேறிப் போயிருந்தனர். மலையேற்றத்துக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது.

சரிவில் தீ எப்படி ஓடும் என்பதை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. வெப்பக் காற்று மேலெழுந்து மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். சரிவு 10 பாகை கூடும்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் மேல்நோக்கியே வீசும். 1949 ஆகஸ்டு 5-இல் மொண்டானா மாநிலத்து மான் கல்ச் சரிவில் 13 பேர் இறந்தது இவ்வாறே. அவர்களோ தீயணைப்பில் பயிற்சி பெற்றவர்கள். நார்மன் மக்லீன் தம் முதுமையை முழுவதும் செலவிட்டு அவர்களைப் பற்றி எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1992-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களாலேயே சரிவில் தீயை முந்தி ஓட முடியவில்லை என்றால், வார இறுதிக்கு மலை காண வந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும்? தீ மூண்டபின் பாதையில் எடுக்கத்தக்க முடிவுகள் மிகச் சில. எடுக்க வேண்டிய முடிவு அடிவாரத்தில், முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டியது.

நாம் சொல்ல விழைவது இதுதான். தீ எங்கே இருக்கிறது என்பது ஒரு கணக்கு. பாதையில் யார் இருக்கிறார்கள் என்பது மற்றொரு கணக்கு. பாதையை அடைப்பதென்றால் இவ்விரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டும். நூறாண்டுகளாக நாம் முதற்கணக்கையே செம்மைப்படுத்தி வந்திருக்கிறோம். இரண்டாவது கணக்கைக் குரங்கணிக்குப் பின்னரே சட்டமாக எழுதத் தொடங்கினோம்.

2018-இலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அரசே இணையவழி முன்பதிவோடு திறந்தது. நம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டு உடன் செல்கின்றனர். அடுத்த ஆண்டே, தீக்காலம் என்று 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அப்பாதைகள் அடைக்கப்பட்டன. தீ மூளும்வரை காத்திராமல் பருவத்தைப் பார்த்து அடைத்தது முறையான செயல். 1893-இல் ஐயத்துக்கு உரியவனாக்கப்பட்டவனின் வழித்தோன்றல் இன்று காவலனாக அழைக்கப்படுவதும் சிறு திருத்தமல்ல. அவன் வேலை பருவக்கூலியாகவே நின்றுவிடலாகாது என்பதே நம் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு மலையடிவாரம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், காணிக்காரர், எங்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணினார், நோட்டில் பதிந்தார். மாலையில் திரும்பியபோது மீண்டும் எண்ணினார். ஒருவர் குறைந்தது. புகைப்படம் எடுக்கப் பின்தங்கிய மாணவர் வந்து சேரும்வரை அவர் நோட்டை மூடவில்லை. எங்களையும் வண்டியேற விடவில்லை. மாணவர்களுக்கு எரிச்சல், மறைப்பானேன், எங்களுக்கும்தான். அந்த ஆண்டு பங்குனியில் மீண்டும் போனபோது தடுப்புக்கம்பு இறக்கப்பட்டிருந்தது. அதே காவலர், மேலே புகை இல்லாத நாளிலும், முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

இம்முறை நாங்கள் வாதாடவில்லை. வடக்கே சிவந்த கோடு தெரியும் இரவுகளில், அன்று அவர் நோட்டில் எத்தனை பெயர் இருந்திருக்கும் என்றே மனம் கேட்கிறது. ஒன்றும் இல்லை என்பதே நாம் விரும்பும் விடை.