இரண்டாவது பிரதி: எங்கள் படங்கள் எப்படித் திரும்பி வந்தன?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசித்த பின் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சோனகதெருவின் பழைய படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு கணினியில் வைத்திருக்கிறோம். அவற்றை ஒரு டெப்லட்டில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள எங்கள் மூத்தவர்களிடம் காட்ட வேண்டும் என்ற பேச்சு இப்போது நடக்கிறது. "இதில் என்ன இருக்கிறது? வயரைச் சொருகினால் ஏறிவிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். "எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போட்டுவிட்டால் முடிந்தது" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே சரியான வழியல்ல. ஏன் என்று விளங்க, படங்களுக்குப் பிரதி எடுக்கும் பழக்கத்தின் வரலாற்றையும் அதில் எங்கள் ஊருக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும்.

1839 இல் பிரான்சில் தாகெர் என்பவரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழும். படம் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு தகடு என்றால் ஒரு படம்தான். அது தொலைந்தால் அந்த முகமும் தொலைந்தது. 1841 இல் இங்கிலாந்தின் டல்பட் தனது முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் முதலில் ஒரு நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து எத்தனை பிரதிகளும் எடுக்கலாம். தெளிவில் தாகெரின் தகடுதான் உயர்ந்தது. ஆனாலும் பின்னாளில் உலகம் முழுவதும் நிலைத்தது நெகட்டிவ் முறைதான். இன்னொரு பிரதி எடுக்க முடிந்ததே அதன் பலம்.

எங்கள் வீடுகளில் படம் எடுப்பது நீண்ட காலம் சாதாரண விசயமாக இருக்கவில்லை. உருவப்படம் ஆகுமா ஆகாதா என்ற கேள்வி இருந்தது. செலவும் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்குப் படம் வேண்டும். 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அதற்கும் படம் வேண்டும். ஸ்டூடியோப் பக்கமே போகாத உம்மம்மாமார்கூட முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கமராவின் முன் உட்கார்ந்தது அதற்காகத்தான். பிறகு கலியாணம், பெருநாள், பாடசாலைக் குழுப்படம் என்று அல்பம் வளர்ந்தது.

அந்தக் காலத்து ஒழுங்கைக் கவனியுங்கள். வீட்டில் இருந்தது அச்சிட்ட பிரதி. ஸ்டூடியோவில் இருந்தது நெகட்டிவ். வெளியூரில் உறவினர் இருந்தால் அவர்களுக்குத் தபாலில் இன்னொரு பிரதி போகும். யாரும் திட்டமிடாமலே ஒரு படம் இரண்டு மூன்று இடங்களில் பாதுகாக்கப்பட்டது.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கி அறிவிப்பு, ஜின்னா மைதானம், இரண்டு மணி நேர அவகாசம். அந்த நாளை உங்களுக்கு நாங்கள் விபரிக்கத் தேவையில்லை. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் யாழ்ப்பாணத்தவர்களும் அடக்கம். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. உறுதிகள், சான்றிதழ்கள் பற்றிப் பின்னர் பலர் எழுதினார்கள். அல்பங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பிள்ளையைத் தூக்குவதா, கிழவியைக் கைபிடிப்பதா என்று நின்ற நேரத்தில் சுவரில் தொங்கிய படத்தை யார் கழற்றுவார்? வீட்டுப் பிரதியும் ஊரிலே நின்றது, ஸ்டூடியோ நெகட்டிவும் ஊரிலே நின்றது. இரண்டு பிரதி இருந்தும் இரண்டும் ஒரே நகரத்தில் இருந்தன.

அப்படியானால் இன்று எங்களிடம் உள்ள படங்கள் எங்கிருந்து வந்தன? கொழும்பில் கட்டிக்கொடுத்த மகளுக்கு உம்மா அனுப்பிய படம். சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போன வாப்பாவுக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பிய பிள்ளைகளின் படம். வெளியூர்ச் சம்பந்தி வீட்டு அல்பத்தில் ஒட்டியிருந்த கலியாணப் படம். வெளியே போயிருந்த பிரதிகளே திரும்பி வந்தன. ஊருக்குள் மட்டும் இருந்தவை பெரும்பாலும் திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது. சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைவிட்டு நடந்தார்கள். அவர்களின் அல்பங்களும் அப்படியே போயின. ஒரே திகதி. இந்த விசயத்தில் எங்கள் அயலவர்களின் துக்கமும் எங்களுடைய துக்கமும் ஒன்றுதான்.

புத்தகங்களுக்கும் இதே கதிதான். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆனாலும் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை நாம் இன்றும் வாசிக்கிறோம். காரணம், அது முன்னரே அச்சேறிப் பல இடங்களுக்குப் போயிருந்தது. 1879 இல் பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்திருந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத கையெழுத்துகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. செட்டிநாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை, அவர் 1992 இல் காலமான பின் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. மூலங்கள் கடல் கடந்து போகவில்லை. சென்னையில் 1994 இல் ஆய்வு நூலகம் நிறுவப்பட்டது. நூல்கள் அங்கேயே இருக்க, நுண்படச் சுருள்களாகப் பிரதிகள் எடுக்கப்பட்டன. எங்கள் நாட்டுத் தமிழ் எழுத்துகளுக்காக 2005 இல் நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கியது. மூலம் உரியவரிடம் இருக்கட்டும், பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும் என்பதே இவர்களின் வழி. எங்களுக்கும் அதுவே வழி.

இனி டெப்லட்டுக்கு வருவோம்.

அப்பிள் நிறுவனம் 2002 இல் ஐபோட்டோ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. 2004 இல் வந்த ஐபொட் போட்டோவுக்கு ஐடியூன்ஸ் வழியாகக் கணினியிலிருந்து படங்களை ஏற்ற முடிந்தது. 2010 இல் ஐபேட் வந்தது. 2015 இல் ஐபோட்டோவின் இடத்துக்குப் போட்டோஸ் வந்தது. 2019 முதல் மெக் கணினிகளில் ஏற்றும் வேலை ஐடியூன்ஸிலிருந்து ஃபைண்டருக்கு மாறியது.

இத்தனை மாற்றங்களிலும் ஒரு எண்ணம் மாறவில்லை. ஒரு மனிதர், அவருக்கு ஒரு கணினி, அதில் ஒரு படத் தொகுப்பு என்ற எண்ணம். போட்டோஸில் நீங்கள் பல தொகுப்புகளை உருவாக்கலாம். ஆனால் ஒன்றுதான் முதன்மைத் தொகுப்பு. ஐகிளவுடுக்குப் போவதும், ஃபைண்டரில் போட்டோஸைத் தெரிவுசெய்தால் டெப்லட்டுக்கு ஏறுவதும் அது மட்டுமே. எங்கள் கணினியில் முதன்மைத் தொகுப்பாக இருப்பது கணினிக்காரரின் குடும்பப் படங்கள். ஊரின் படங்கள் இரண்டாவது தொகுப்பு. வயரைச் சொருகிவிட்டால் ஏறப்போவது அவருடைய பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள்தான்!

இரண்டாவது தொகுப்பை முதன்மையாக மாற்றிவிடலாம். அதற்கு அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பின் ஐகிளவுடை இயக்கினால் ஊரின் படங்களும் ஒருவரின் சொந்தக் கணக்குப் படங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். பிரிப்பது பெரும்பாடு. ஆகவே நாங்கள் தெரிவுசெய்திருக்கும் வழி இது:

1. ஒப்ஷன் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டோஸைத் திறந்தால் எந்தத் தொகுப்பு என்று கேட்கும். இரண்டாவதைத் திறக்க வேண்டும்.

2. அதிலுள்ள படங்களை மூலக் கோப்புகளாகவே ஒரு ஃபோல்டருக்கு ஏற்றுமதி செய்ய வேண்டும். அதற்குள் தெருவாரியாக அல்லது குடும்பவாரியாகச் சிறு ஃபோல்டர்கள். டெப்லட்டில் அவை தனித்தனி அல்பங்களாக வரும்.

3. டெப்லட்டில் ஐகிளவுட் படங்கள் இயங்கிக்கொண்டிருந்தால் கணினியிலிருந்து ஏற்ற முடியாது. முதலில் அதை நிறுத்த வேண்டும். இதற்கென்றே சொந்தப் படம் எதுவும் இல்லாத ஒரு டெப்லட்டை ஒதுக்குவது நல்லது.

4. வயரில் இணைத்து, ஃபைண்டரில் டெப்லட்டைத் தெரிந்து, படங்கள் என்ற பகுதியில் போட்டோஸுக்குப் பதிலாக அந்த ஃபோல்டரைக் காட்டிச் சிங்க் செய்ய வேண்டும்.

5. அன்ட்ரொயிட் டெப்லட் என்றால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வயரில் இணைத்து ஃபோல்டரை நகலெடுக்கலாம், ஆனால் மெக் கணினியில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்.

இப்போது முக்கியமான விசயம். சிங்க் செய்வது வேறு, பாதுகாப்பது வேறு. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. கணினி ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்துவிட்டு மீண்டும் சிங்க் செய்தால் டெப்லட்டிலும் அது போய்விடும். வேறொரு கணினியில் மாட்டிப் படங்களைச் சிங்க் செய்தால் முன்பு ஏற்றியவை எல்லாம் அகற்றப்படும். டெப்லட்டில் இருப்பது திரைக்கு ஏற்றபடி மாற்றிய படம், மூலத்தின் முழு அளவு அல்ல. ஆகவே டெப்லட்டை எங்கள் இரண்டாவது பிரதியாக எண்ணிவிடக் கூடாது. உண்மையான பிரதி தனி ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்க வேண்டும். ஒன்று யாழ்ப்பாணத்தில், ஒன்று புத்தளத்தில், ஒன்று கொழும்பில். மூன்றும் ஒரே வீட்டு அலுமாரியில் இருந்தால் 1990 இன் பாடத்தை நாங்கள் படிக்கவில்லை என்று அர்த்தம்.

பிறகு டெப்லட் எதற்கு? பெயர்களுக்காக.

எங்களிடம் உள்ள பல படங்களில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. ஒரு பாடசாலைக் குழுப்படத்தில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாலு பேரைத்தான் அடையாளம் தெரிகிறது. ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். அவருடைய முகத்தை யாரும் மறக்கப் போவதில்லை. பெரியவர்களின் படங்கள் பத்து இடத்தில் இருக்கும். அதே தெருவில் தையல் இயந்திரம் மிதித்தவர், இறைச்சிக்கடை வைத்திருந்தவர், மத்ரசாவில் ஓதிக்கொடுத்த லெப்பை, இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த உம்மா, இவர்களுக்கு ஒரு படம் கிடைத்திருந்தால் அதுவே பெரிது. பெயரும் போய்விட்டால் அது யாரோ ஒருவரின் படமாகிவிடும். 1990 இல் 40 வயதில் இருந்தவர்கள் இன்று 75 ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலர் ஊருக்குத் திரும்பவில்லை. கணினியின் முன் அவர்களைக் கொண்டுவந்து உட்கார்த்த முடியாது. டெப்லட்டை அவர்களின் கட்டிலுக்குக் கொண்டுபோகலாம். விரலால் பெருப்பித்துக் காட்டலாம்.

பேஸ்புக்கில் போடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. இவை குடும்பத்துக்குள் பார்ப்பதற்கென்று எடுத்த படங்கள். மௌத்தாகிவிட்ட ஒரு பெண்ணின் படத்தை ஊரெல்லாம் பரப்ப எங்களுக்கு யார் உரிமை தந்தது? படம் தந்தவர்கள் எங்களிடம் தந்தது அமானிதம். டெப்லட் கையிலே போகும், கையிலே வரும். எந்த வீட்டுப் படத்தை யார் பார்க்கலாம் என்று அந்த வீட்டாரே சொல்லட்டும்.

பெயர் கேட்கப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியிலிருந்து டெப்லட்டுக்குப் படம் போவது ஒருவழிப் பாதை. டெப்லட்டில் நீங்கள் எழுதும் குறிப்பு தானாகக் கணினிக்குத் திரும்பாது. ஆகவே ஒரு கொப்பியில் படத்தின் இலக்கத்தையும், இடமிருந்து வலமாகப் பெயர்களையும், சொன்னவர் யார், எந்தத் திகதி என்பதையும் எழுதுங்கள். அனுமதி கேட்டுக் குரலையும் பதிவுசெய்யுங்கள். ஸ்கேன் செய்யும்போதே இலக்கமிட்ட சிறு கடதாசித் துண்டைப் படத்தின் அருகில் வைத்து ஸ்கேன் செய்தால், எந்தக் கருவிக்குப் போனாலும் இலக்கம் படத்தோடேயே போகும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்க வேண்டாம். சில படங்களுக்கு அங்கே உள்ள பேனா எழுத்துத்தான் ஒரே சாட்சி. வந்ததும் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, மூன்று டிஸ்க்குகளையும் புதுப்பிக்க வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. பெட்டியின் அடியில், குர்ஆன் உறைக்குள், பழைய கடவுச்சீட்டுக்குள் ஏதாவது படம் இருந்தால் சொல்லுங்கள். படம் உங்களிடமே இருக்கட்டும், பிரதி மட்டும் போதும். இரண்டாவது, பாவனையில் இல்லாத ஹார்ட் டிஸ்க் அல்லது டெப்லட் இருந்தால் தந்து உதவுங்கள். மூன்றாவது, புத்தளத்திலோ கொழும்பிலோ வயதான உறவினர் இருந்தால் அவரின் பெயரை எங்களுக்குத் தனியாக அனுப்புங்கள். கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம். முதலில் மிக மூத்தவர்களிடம் போவோம்.

அல்லாஹ் எங்கள் மூத்தவர்களின் ஆயுளிலும் நினைவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.